கட்டெறும்பு கேட்ட கேள்வி

புதுக்கோட்டையில் மாவட்டத் திரையெழுத்து ஒழுங்காற்று அலுவலகம் என்று ஒன்று இருப்பது, அங்கே சம்பளம் வாங்குகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர்களிலும் இரண்டொருவருக்குச் சந்தேகம் உண்டு. திரையில் தெரிகிற எழுத்தெல்லாம் ஒழுங்கான எழுத்துதானா என்று கண்காணிப்பது அதன் வேலை. பஸ்ஸின் நெற்றியில் ஓடும் ஊர்ப் பெயர், நகைக்கடை வாசலில் ஓடும் பவுன் விலை, பிள்ளைகள் போனில் ஆடும் விளையாட்டில் வரும் எழுத்து, எல்லாம் அதன் ஆளுகைக்குள் வரும் என்று அரசாணை சொல்கிறது. சொன்னதோடு சரி. ஒரு பஸ்காரரும் ஒரு நகைக்கடைக்காரரும் அந்த மாடிப்படி ஏறி வந்ததில்லை.

கீரமங்கலத்துச் சோலையப்பனுக்கும் அப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமல்தான் இருந்தது. அவன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். காலையில் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை, அன்னவாசல், இலுப்பூர் என்று கடைகடையாக இறக்கிவிட்டு வருவான். அந்தப் பிழைப்புக்கும் திரையெழுத்துக்கும் நடுவில் இருந்தவள் அவன் மனைவி ஹரிணி. அவள் போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவளுடைய போனை மட்டும் அவன் அணைக்கவில்லை. ரீசார்ஜ் பண்ணி, சார்ஜ் ஏற்றி, வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தான். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது.

அந்த போன் ஒரு நாள் அடித்தது.

"ஹரிணிங்களா?"

"அவங்க வீட்டுக்காரர் பேசுறேங்க."

"கட்டெறும்புங்கிற எழுத்த வரைஞ்சது ஒங்க மனைவிதானே? திரையெழுத்து ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். புதன்கிழமை அவங்க நேர்ல ஆஜராகணும்."

சோலையப்பன் வண்டியை ஓரங்கட்டினான். "அவங்க செத்துப்போயிட்டாங்க சார்."

அந்தப் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. யாரோ யாரிடமோ என்னமோ கேட்டார்கள்.

"அப்படின்னா நீங்களும் கூட வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

கட்டெறும்பு என்பது ஹரிணி வரைந்த எழுத்து. அவள் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பழைய காலத்து வீடியோ கேம் போல எல்லாமே கட்டம் கட்டமாகத் தெரிகிற விளையாட்டுகளைச் செய்யும் கம்பெனி அது. அந்தக் கட்டங்களுக்குள் அடங்குகிற தமிழ் எழுத்து கிடைக்காமல், அவளே உட்கார்ந்து வரைந்தாள். லேப்டாப்பில் வெள்ளைக் கட்டங்களை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கறுப்படிப்பாள். கிட்டத்தில் பார்த்தால் கட்டெறும்பு வரிசை. தள்ளி நின்று பார்த்தால் 'அ'.

"இதுல என்னங்க கஷ்டம்னா, ஒரு கட்டத்த விட்டுட்டா 'ண' போயி 'ன' ஆயிரும். எம் பேரே எனக்கு அடங்க மாட்டேங்குது," என்பாள். "ஒங்க பேரு அதவிட மோசம். முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு காலு, நடுவுல சுழி, மேல புள்ளி. ஒங்க பேரு இதுல ஒழுங்கா நின்னுருச்சுன்னா ஊருல உள்ள எல்லாப் பேரும் நின்னுரும்."

முடித்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு கட்டத்தை மாற்றுவதானாலும் என்னைக் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும் என்று எழுதி, கீழே தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டிருந்தாள். அவள் இறந்த பிறகு கம்பெனி ஆள் ஒருவர் வந்து லேப்டாப்பைப் பவ்வியமாக வாங்கிக்கொண்டு போனார். உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்தாகிவிட்டது என்று பிறகு ஒரு செய்தி வந்தது. அதைப் படித்த அன்று அவன் லோடு ஏற்றப் போகவில்லை.

புதன்கிழமை மாடிப்படி ஏறினான். மேலே நீளமான கூடம், வரிசையாக பெஞ்சுகள், ஒரு ஜீவன் இல்லை. மூலையில் மேசை போட்டு டோக்கன் கொடுக்கிற பிச்சையம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே பெருக்குவதற்காக வேலைக்குச் சேர்ந்தவள். டோக்கன் கேட்டு யாரும் வராததால் அந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

"ஒங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு," என்று இரண்டு டோக்கன்களை நீட்டினாள்.

"அவங்க இல்லக்கா. தவறிட்டாங்க."

"தெரியும் தம்பி. இல்லாதவங்களுக்கும் டோக்கன் போடணுமாம்."

எதிர்ச் சுவரில், அறைக் கதவுக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை இருந்தது. சின்னச் சின்னச் சதுரமாகச் சிவப்பு பல்புகள். அதில் 'டோக்கன் 1 அறை 2' என்று எரிந்தது. சோலையப்பன் அப்படியே நின்றுவிட்டான். அந்த 'ட' அவனுக்குத் தெரியும். அந்த 'ன்' தெரியும். இடம் பற்றாமல் அவள் கடைசி நேரத்தில் ஒரு கட்டம் தூக்கிக் கட்டிய 'றை' தெரியும். பலகை செய்துகொடுத்த காண்ட்ராக்டர் இணையத்தில் சும்மா கிடந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார். அலுவலகமும் திறப்பு விழா அன்றைக்கே, பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதை மாவட்டத்தின் முன்மாதிரி எழுத்து என்று அறிவித்துவிட்டது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை அணைந்தது. கூப்பிட ஆளில்லை என்றால் அது கொஞ்ச நேரத்தில் அணையும். அணைந்ததும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும் கறக் கறக் என்று சுற்றியது. பிச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த குமாஸ்தாக்கள் எல்லோரும், வேலையே இல்லாதவர்கள், ஒரே நேரத்தில் தங்கள் மேசையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பலகையில் ஓர் எழுத்தாக, மெதுவாக, வந்தது.

'சோலை, சாப்ட்டியா?'

சுவரும் பெஞ்சும் அவன் கையில் இருந்த இரண்டு டோக்கன்களும் சிவப்பாகத் தெரிந்தன. யாரோ பதறிப்போய் உள்ளேயிருந்து ஓடிவந்து பிச்சையம்மாள் மேசையில் இருந்த பொத்தானை அமுக்கினார்கள். பலகை சட்டென்று 'டோக்கன் 1 அறை 2' என்று மாறியது. பேச்சுச் சத்தம் மறுபடியும் தொடங்கியது.

சோலையப்பன் பக்கத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய கேள்வி என்பதால் மட்டும் இல்லை. அவள் அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் ஆத்தா காத்தாயி இருக்கிற வீட்டில் அது நடக்கிற காரியம் இல்லை. புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது ஆத்தாவின் சட்டம். அதனால் ஹரிணிக்கு அவன் எப்போதும் 'ஏங்க'தான். லோடு இறக்குகிற நேரம் பார்த்து போன் பண்ணி, "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்பாள். "சாப்ட்டேன்," என்பான். சாப்பிட்டிருக்க மாட்டான். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க," என்று வைத்துவிடுவாள். வாயால் கூப்பிட முடியாத பெயரை அவள் கட்டம் கட்டமாக எழுதிக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது அவனுக்கு அந்தக் கூடத்தில், கையில் அவளுடைய டோக்கனோடு நிற்கும்போதுதான் தெரிந்தது. பெயர் சொல்லாமல் இருந்தும் ஆயுசு குறையத்தான் செய்தது, அவளுக்கு.

அறை 2-ல் ஒழுங்காற்று அலுவலர் ஆத்மநாதன் இருந்தார். அழுத்தி வாரிய தலை. சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றிலும் மூடி கழற்றிய அடையாளம் இல்லை. அவர் சோலையப்பனைப் பார்ப்பதற்கு முன்னால் அவனுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"அவங்க வரலையா?"

"இறந்துட்டாங்க சார்."

"காரணம்னு ஒண்ணு எழுதணும்ல. வெளியூர், உடல்நலக் குறைவு, மகப்பேறு, இந்த மூணுதான் விதியில இருக்கு. இறப்பு இல்ல. ஒடம்பு சரியில்லைன்னு போட்டுக்கிறேன். கொணமானதும் வரச் சொல்லுங்க." எழுதிக்கொண்டார். "விசயத்துக்கு வாரேன். பலகைய பாத்திருப்பீங்க."

"பாத்தேன் சார்."

"தெறந்த நாளுலேர்ந்து இப்படித்தான். வேலை ஓஞ்சா கேக்குது. இங்க வேலை எப்பவும் ஓஞ்சுதான் இருக்கும்ங்கிறது வேற விசயம். சோலைமலைன்னு ஒரு க்ளார்க் இருந்தாரு. அது தன்னையத்தான் கேக்குதுன்னு பயந்து, மாற்றல் வாங்கிக்கிட்டு மணமேல்குடிக்கே போயிட்டாரு. பயப்படுறவங்க பயப்படட்டும், ஆபீஸ் அப்படி இருக்க முடியுமா? அரசுப் பலகையில வர்ற கேள்வி அரசுக் கேள்வி. அரசுக் கேள்விக்கு உரிய காலத்துல பதில் போகணும்." மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தட்டினார். தூசி பறந்தது. "தெனமும் பதில் போடுறோம். 'பார்வையில் காணும் வினாவிற்கு, சாப்பிட்டாயிற்று எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.' ஒரு நாள் தவறினது இல்ல."

"யாருக்குப் போடுறீங்க சார்?"

ஆத்மநாதன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "யாருக்குன்னு தெரிஞ்சுதான் பதில் போடணும்னா, தம்பி, இந்த நாட்டுல எந்த ஆபீஸும் நடக்காது."

அடுத்து எழுத்தைப் பற்றிப் பேசினார். தமிழ் என்பது வட்டம் என்றார். ஓலை கிழிந்துவிடக் கூடாது என்று நம் முன்னோர் வட்டமாக எழுதினார்கள். ஹரிணியோ மூலை மூலையாக எழுதியிருக்கிறாள். நாளைக்குத் திரை கிழிந்தால் யார் பொறுப்பு?

"பல்பே கட்டம் கட்டமாத்தானே சார் இருக்கு?" என்றான் சோலையப்பன்.

"அதையும் கவனத்துல எடுத்துக்கிட்டோம். வட்டமான பல்பு கேட்டு எழுதியிருக்கோம்."

விஷயம் இதுதான்: அந்த எழுத்தை அழித்துவிட்டு மேலே வேறு எழுத்தை ஏற்ற வேண்டும். ஆனால் வரைந்தவரைக் கேட்காமல் ஒரு கட்டத்தைக்கூட மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு சேர்த்துத்தான் அலுவலகம் அதை முன்மாதிரி ஆக்கியிருந்தது. அறிவித்தது தவறு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் தவறு செய்ததில்லை. ஆகையால் ஹரிணி நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். புதன்தோறும் விசாரணை.

வெளியே வந்தபோது கணினிப் பிரிவில் இருக்கும் அரவிந்த்குமார் அவனைப் படியோரம் கூட்டிப்போனான். அந்த அலுவலகத்தில் உண்மையிலேயே ஏதாவது தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். அதற்காக அவனுக்குக் கூடத்தின் கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள்.

"பேயெல்லாம் இல்லண்ணே. எழுத்து வரைஞ்சவங்க, சரியா வந்திருக்கான்னு பாக்க உள்ளேயே ஒரு மாதிரி வரி எழுதி வைப்பாங்க. பலகையில காட்ட வேற ஒண்ணும் இல்லைன்னா அது அந்த வரிய காட்டுது. அவ்வளவுதான்."

"அத எனக்கு எடுத்துக் குடுக்க முடியுமா தம்பி?"

"அவங்க போட்ட இணையப் பக்கம் மூடிக் கெடக்கு, தேடிட்டேன். இப்ப அது இருக்கிற ஒரே எடம் இந்தப் பலகைதான். இந்தப் பெட்டி எப்படின்னா, உள்ள போடத்தான் முடியும், வெளிய எடுக்க முடியாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "புது எழுத்த ஏத்துனா இது போயிரும்ணே. திரும்ப வராது."

அன்னவாசலுக்குப் போக வேண்டிய பூக்கூடைகள் வண்டியில் காத்துக்கிடந்தன. சோலையப்பன் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் வெகுநேரம் இருந்தான். பேய் இல்லை என்று அந்தத் தம்பி சொன்னது அவனுக்கு ஆறுதலாக இல்லை. இருந்திருக்கலாமே என்றிருந்தது. பேயாக இருந்தால் இன்னொரு இடத்திலும் வரும்.

அதற்குப் பிறகு புதன்கிழமை வருவதற்கு அவனை யாரும் போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டார்கள். ஹரிணியின் போனுக்குச் செய்தி வரும்: 'ஹரிணி அவர்களே, தாங்கள் கடந்த விசாரணைக்கு ஆஜராகவில்லை. விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்.' ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அவள் பெயர் வெளிச்சம் போட்டு அணையும். முதல் முறை அவன் வண்டியை நிறுத்திவிட்டான். பிறகு அதற்காகவும் காத்திருக்க ஆரம்பித்தான்.

பூ இறக்கிவிட்டு நேராக வந்து கடைசி பெஞ்சில் உட்காருவான். பலகை 'டோக்கன் 2 அறை 2' என்று அவளைக் கூப்பிடும். அவளுடைய எழுத்திலேயே அவளைக் கூப்பிடும். ஒரு நிமிஷம் எல்லோரும் வாசலைப் பார்ப்பார்கள். ஆத்மநாதன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வதைக்கூட அவன் பார்த்தான். யாரும் வர மாட்டார்கள். "வரவில்லை" என்று எழுதுவார்கள். பலகை அணையும். தலைகள் குனியும். 'சோலை, சாப்ட்டியா?' சாப்ட்டேன் என்று அவன் மனதுக்குள் சொல்வதற்குள் யாராவது பொத்தானை அமுக்கிவிடுவார்கள்.

அவன் சாப்பிட்டிருக்க மாட்டான். ஆத்தா கொடுத்துவிடும் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்காமலே பிச்சையம்மாளிடம் நீட்டிவிடுவான். ஐப்பசியிலிருந்து அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டிருந்தான்.

"இந்தச் சோத்த நீங்களே தின்னா என்ன தம்பி?" என்பாள் பிச்சையம்மாள்.

"இப்பத்தான் சாப்ட்டேங்க்கா."

"ம்," என்று வாங்கிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை நிபுணர் குழு வந்தது. நிபுணர் குழு என்றால் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் செந்தமிழனும், அவருடைய சால்வையும், சால்வையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும். பலகை கேள்வி கேட்டபோது அவர் மட்டும் தலை குனியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு எல்லோரையும் திரட்டி அறிக்கை கொடுத்தார்.

"இறந்தோர் வினவுதல் நம் மரபுக்கு விரோதம் அன்று. அதை நான் ஆட்சேபிக்கவில்லை. என் ஆட்சேபம் 'சாப்ட்டியா' என்னும் கொச்சை வழக்கைப் பற்றியது. அரசுப் பலகையில் தோன்றும் ஆவி 'உண்டனையோ' என்று கேட்பதே முறை. இதை அந்த அம்மையாருக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள்."

"முகவரி?" என்று கேட்டார் ஆத்மநாதன், பேனாவை எடுத்து.

எல்லோரும் சோலையப்பனைப் பார்த்தார்கள். அவனுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை, அவர்கள் அவளுக்கு முகவரி கேட்கிறார்கள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. வேறு எங்கும் யாரும் கேட்பதில்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்கியாகிவிட்டது, பேங்கில் நீக்கியாகிவிட்டது. கீரமங்கலத்து வீட்டு முகவரியைச் சொன்னான்.

அரவிந்த்குமார் ஒரு யோசனை சொன்னான். பலகை ஓய்ந்தால்தானே அது வாய் திறக்கிறது. ஓயாமல் வேலை பார்த்தால் திறக்காது இல்லையா? இந்த யோசனை உயர்மட்டத்தில் பரிசீலிக்கப்பட்டு, நடைமுறைக்கு ஒவ்வாதது என்று நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பதில் பலகையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டத் தீர்மானித்து, அதை மின்சாதனப் பராமரிப்பு என்ற தலைப்பில் எழுதினார்கள். அன்றைக்குப் பலகை வழக்கம்போலக் கேட்டது. எலுமிச்சம்பழம் சிவப்பாகத் தெரிந்தது.

அப்படியே காலம் ஓடியிருக்கும். சென்னையிலிருந்து இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்ததும் ஆத்மநாதனுக்குத் தூக்கம் போயிற்று. பிரகதாம்பாள் என்ற அந்த அம்மாள் போகிற இடமெல்லாம் கேள்வி கேட்பவர் என்று பெயர். கேள்வி கேட்கிற பலகை ஒன்றே போதும் அவருக்கு, ஆயிரம் கேள்வி கேட்க.

"ஆய்வுக்கு முன்னாடி பலகைய மாத்திருவாங்கண்ணே," என்றான் அரவிந்த்குமார், படியோரம். "புது எழுத்து தயார். வட்டமா வேணும்னாங்கள்ல, பல்புல போட்டா எல்லாமே முட்டை முட்டையாத் தெரியுது. படிக்க முடியாது. அதப்பத்தி அவங்களுக்குக் கவலை இல்ல."

"அவ சம்மதம் இல்லாம மாத்த முடியாதுன்னாங்களே தம்பி."

"அவங்க வந்ததா எழுதிருவாங்க. அப்பறம் சம்மதிச்சதா எழுதிருவாங்க. சாட்சிக் கையெழுத்து மட்டும் ஒங்ககிட்ட கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவனைப் பார்க்காமல் சொன்னான்: "வந்து மாட்டேன்னு சொல்லிட்டா மட்டும்தாண்ணே விதிப்படி ஒண்ணும் பண்ண முடியாது."

ஆய்வு நாள் காலையில் ஆத்மநாதன் அவனை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, காகிதத்தை முன்னால் தள்ளினார்.

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எத்தனை நாளுக்கு இங்கிட்டும் அங்கிட்டும் அலைவீங்க? அவங்க இன்னைக்கு வந்ததா வச்சுக்குவோம். ஒரு கையெழுத்து. ஒங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

சோலையப்பன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அவனுக்கு வீட்டில் பொய் சொல்ல வருமே தவிர, ஆபீசில் சொல்ல வராது. வண்டியில் கிடக்கிற போனையும், துடைத்துவிட்ட லேப்டாப்பையும், பெயர் நீக்கிய அட்டைகளையும் நினைத்தான். இந்த ஒரு இடமும் போய்விட்டால் அவள் தன்னைக் கூப்பிட உலகத்தில் இடமே இல்லை என்று நினைத்தான். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பேசினான்.

"வந்திருக்கா சார்."

"ஆங்?"

"ஹரிணி வந்திருக்கா. இங்கதான் இருக்கா. ஆனா மாத்தக் கூடாதுங்கிறா."

ஆத்மநாதனின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மெதுவாகக் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார். அவர் ஏதாவது கத்துவார் என்று அவன் எதிர்பார்த்தான். ஆனால் அவர் முகத்தில் வந்தது பயமும் இல்லை, கோபமும் இல்லை, சந்தோஷம்.

"வந்துட்டாங்களா?" என்றார். "தம்பி, இந்த ஆபீஸ் தெறந்த நாளுலேர்ந்து அழைப்ப மதிச்சு வந்த மொத ஆள் இவங்கதான். நீங்க கூட வந்தவங்க, கணக்குல வர மாட்டீங்க. 'ஆஜரானோர்' பத்தியில இதுவரைக்கும் பூஜ்யம். இயக்குநர் அம்மாவுக்கு என்னத்த காட்டுறதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." நாற்காலியைப் பார்த்து லேசாகக் கும்பிட்டார். மறுப்பு என்று எழுதி, முத்திரை குத்தி, கோப்பை மூடினார். பிறகுதான் அவருக்கு மறுப்பு என்றால் பலகையில் கை வைக்க முடியாது என்பது உறைத்தது. அதற்குள் கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"பிச்சையம்மா! பொத்தான விடாம அமுக்கிக்கிட்டே இரு!"

இயக்குநர் மாடியேறி வந்தபோது பலகை 'டோக்கன் 5', 'டோக்கன் 6', 'டோக்கன் 7' என்று ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சுகள் காலி. கடைசி பெஞ்சில் சோலையப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"யாரக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார் பிரகதாம்பாள்.

"பொதுமக்களைங்கம்மா."

"எங்க அவங்க? ஆளில்லாம எதுக்கு ஓட்டுறீங்க? நிறுத்துங்க அத."

பிச்சையம்மாள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஆத்மநாதன் அறிக்கையைப் பிரித்து வேகவேகமாக வாசிக்கத் தொடங்கினார். "மக்கள் தேவையறிந்து தொண்டாற்றும் இவ்வலுவலகத்தில் நிலுவை என்பதே கிடையாது. மாவட்டத்தின் திரைகள் அனைத்தும் நேரில் ஆய்வு செய்யப்பட்டுவிட்டன. வினாக்கள் அனைத்துக்கும் உரிய காலத்தில் உண்மையான பதில்கள்..."

பலகை அணைந்தது. மின்விசிறி கறக் கறக் என்றது.

'சோலை, சாப்ட்டியா?'

தினமும் எழுதி எழுதிப் பழகிய பதில். குமாஸ்தாக்கள் எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில், "சாப்பிட்டாயிற்று," என்றார்கள். ஆத்மநாதனும் அறிக்கையின் நடுவில் அதைச் சேர்த்து வாசித்துவிட்டார். கடைசி பெஞ்சில் சோலையப்பனும் முணுமுணுத்தான். "சாப்ட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது பொத்தானை அமுக்கிவிடுவார்கள். இத்தனை மாதமாக, ஒவ்வொரு முறையும், பயந்துபோய் அமுக்கியிருக்கிறார்கள். இன்று இயக்குநர் நிற்கும்போது யாருக்கும் கை நீளவில்லை. கேள்வி எரிந்துகொண்டே இருந்தது. அவள் போனில் பேசாமல் இருப்பாளே, அந்த நேரம் அளவுக்கு எரிந்தது. பிறகு அணைந்து, அதற்குக் கீழே அவள் எழுதி வைத்திருந்த அடுத்த வரி, யாரும் இதுவரை பார்க்காத வரி, ஓர் எழுத்தாக வந்தது.

'பொய் சொல்லாத.'

அறிக்கை ஆத்மநாதன் கையிலிருந்து நழுவியது. நின்ற குமாஸ்தாக்கள் நின்றபடியே இருந்தார்கள். 'பணிகள் திருப்தி' என்று எழுத ஆரம்பித்திருந்த பிரகதாம்பாள் பேனாவை மூடி கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் முகமும் மற்ற முகங்களும் சிவந்து கிடந்தன.

பிச்சையம்மாள்தான் முதலில் அசைந்தாள். காலையில் அவன் கொடுத்து மேசைக்கடியில் இருந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கூடத்தின் நீளத்துக்கும் நடந்து போய், அதைச் சோலையப்பனின் மடியில் வைத்தாள்.

"தின்னுங்க தம்பி. அவங்களுக்குத் தெரிஞ்சுருச்சு."

அவன் மூடியைத் திறந்தான். ஆத்தாவின் புளிச்சோறும் அவித்த முட்டையும். ஒரு உருண்டை பிடித்து வாயில் வைத்தான். இறங்க மறுத்தது. விழுங்கினான். இன்னொன்று பிடித்தான். பலகை அணைந்து, மறுபடியும் முதலிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கேட்டது. பொத்தானுக்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கேன்டி," என்றான் சோலையப்பன், வாய் நிறையச் சோற்றோடு, எல்லோருக்கும் கேட்கும்படி.